முரசு முந்தியதா, சங்கு முந்தியதா?

முன்னொரு காலத்தில் குவளை நாட்டை விறல்கோ என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கோபம் வந்துவிட்டால் அவனுக்கு முதலில் தண்டனை, அப்புறம்தான் விசாரணை.

அவனிடம் இரண்டு காவற்படைகள் இருந்தன. கோட்டைப் படைக்கு முரசு. அது ஒலித்தால் நான்கு வாசல் காவலர்களும் அவரவர் வலக்கைப் பக்கத்து வாசலுக்கு மாற வேண்டும். கோயில் படைக்குச் சங்கு. பூசைச் சங்கு ஊதினால் வெளியே பார்த்து நிற்பவர்கள் உள்ளே, கோட்டை நடுவிலிருந்த கோயிலைப் பார்த்துத் திரும்ப வேண்டும்.

இரண்டையும் ஒரே படையாக்கச் சொல்லி ராஜாவின் காதைக் கடித்தவர் அரசவைப் பிரபு அமுதகண்டர். யோசனை சொல்ல அவர், மாட்டிக்கொள்ள அடுத்தவன். இரண்டு வழக்கமும் ஒன்றையொன்று தொடாது, எது முந்தினாலும் ஒன்றுதான் என்று சத்தியம் செய்தார்.

படைகள் ஒன்றான முதல் நாளே வேட்டையிலிருந்து திரும்பிய ராஜா தெற்கு வாசலில் கொட்டும் மழையில் நின்றான். சாவி படைத்தலைவன் கொற்றனிடம் இருந்தது. கிழக்கு வாசலில் நின்ற அவன் முரசு ஒலித்ததும் தெற்குக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வடக்கு வாசலில் நின்றிருந்தான். ஓடி ஒளிந்த துரோகி என்றார் அமுதகண்டர். விடிந்தால் தலை போகும் என்று தீர்ப்பாகிவிட்டது. சிறைக்குப் போகும் வழியெல்லாம் கொற்றன் பொருமினான். சொன்னதைச் சொன்னபடி செய்தவனுக்கா இந்தப் பட்டம்?

மந்திரி பெருஞ்சாத்தன் சிறைக்கு வந்து ஒன்றே ஒன்று கேட்டார், எது முதலில் ஒலித்தது என்று. பூசை முந்திவிட்டது, சங்குதான் என்றான் கொற்றன்.

காலையில் மந்திரி சபையின் கிழக்கு வாசலில் அமுதகண்டரை வெளியே பார்த்து நிற்க வைத்தார். முதலில் முரசு, பிறகு சங்கு. பிரபு தெற்கு வாசலுக்குப் போய் உள்ளே திரும்பி நின்றார். மறுபடியும் கிழக்கிலிருந்து, இம்முறை சங்கு முதலில். உள்ளே திரும்பினார், வலக்கைப் பக்கம் நடந்தார், வடக்கு வாசலில் போய் விழித்தார்.

"ஏன் ஓடினீர்?" என்றார் மந்திரி.

"ஓடவில்லையே. எனக்கு வலக்கைப் பக்கம் இதுதான்."

"கொற்றனுக்கும் அதுதான்." மந்திரி ராஜாவைப் பார்த்தார். "இரண்டு வழக்கத்தை ஒன்றையொன்று தொடாமல் சேர்க்கலாம். சங்கு ஊதினால் ஈட்டியைக் கைமாற்றிப் பிடி என்றிருந்தால் எது முந்தினாலும் பாதகமில்லை. ஒன்று மற்றதைத் திருப்பிவிடும்படியும் சேர்க்கலாம். அப்போது, உள்ளே பார்த்து நிற்பவனுக்கு முரசு என்றால் இடப்பக்கம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இவர் சேர்த்தது இரண்டாம் விதம், சத்தியம் செய்தது முதல் விதத்துக்கு."

ராஜா அமுதகண்டரின் பட்டாடையைக் கழற்றச் சொல்லி, கையில் ஈட்டியைக் கொடுத்து வாசல் காவலுக்கு அனுப்பினான். கொற்றனுக்குப் பொற்பதக்கம் நீட்டினான். கொற்றன் வாங்கவில்லை.

"பதக்கம் வேண்டாம், மகாராஜா. என்னைத் துரோகி என்றது இந்தச் சபை. நான் ஓடவில்லை என்று இங்கேயே உங்கள் வாயால் சொல்லுங்கள்."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்தான்.

"கொற்றன் ஓடவில்லை. விசாரிக்காமல் தலை கேட்டவன் நான்தான்."

அதன் பிறகுதான் கொற்றன் தன் ஈட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.