மா என்னும் ஊர் ஙூ ஆன கதை

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புத்தி கிடையாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். எல்லாருக்கும் இருப்பதுபோல எங்களுக்கும் இருக்கிறது. நாங்கள் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். மற்ற ஊர்களில் தேய்ந்துபோன சரக்கு எங்கள் ஊரில் இன்னும் புத்தம் புதுசாக இருக்கிறது.

அப்போது ஊரின் பேர் மா. ஒரே எழுத்து. முன்பு அங்கே ஒரு மாமரம் நின்றதாம், அதனால் வந்த பேர். மரம் பட்டுப்போய் விறகாகிவிட்டது, பேர் மட்டும் தங்கிவிட்டது. பஸ்ஸில் ஏறி "மா ஒண்ணு" என்போம், கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தொந்தரவு வந்தது என் அண்ணன் மகள் செல்லக்கனியின் நிச்சயதார்த்தத்தன்று. அண்ணன் சுடலையாண்டிதான் ஊர்த் தலைவர். மாப்பிள்ளை திரவியம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். தங்கமான பிள்ளை. ஒரே ஒரு குறை, அவருக்குப் பொய் சொல்ல வராது.

பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது, கப்பலில் தன்னோடு வேலை பார்க்கும் பல தேசத்து ஆட்களைப் பற்றி மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பேரைக் கேட்டால் ஆளாளுக்கு ஒன்று நினைத்துக்கொள்கிறார்களாம். வடக்கத்திக்காரருக்கு மா என்றால் அம்மா. அரபிக்காரருக்குத் தண்ணீர். இத்தாலிக்காரருக்கு 'ஆனால்'. சீனாக்காரர் குரலை ஒரு மாதிரி இழுத்தால் அம்மா, இன்னொரு மாதிரி வளைத்தால் குதிரை. தாய்லாந்துக்காரருக்கு 'வா', அதையே குரல் தூக்கிச் சொன்னால் நாய். எந்திர அறையில் இருக்கும் வியட்நாம்காரர் துவானுக்கோ பேய். சிரிப்பதற்காகச் சொன்னார், பாவம். எங்கள் ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. வெற்றிலையை மெல்வதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடியது. ஊர்க் கமிட்டிச் செயலாளர் பொன்னுலிங்கம் எழுந்து, பேய் என்று பேர் வைத்த ஊரில் இத்தனை காலம் பிள்ளைகுட்டியோடு குடியிருந்திருக்கிறோமே என்று கண்கலங்கினார்.

"அப்படின்னா நமக்கு ஏன் இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை?" என்று கேட்டார் அண்ணன்.

"நாமதான் இன்னும் வியட்நாம் போகலியே, தலைவரே."

அம்மா என்றும் அர்த்தம் இருக்கிறதே, அது நல்லதுதானே என்று யாரோ இழுத்தார்கள். அம்மாவும் நாயும் குதிரையும் பேயும் ஒரே வீட்டில் இருந்தால் குடும்பம் உருப்படுமா என்று பொன்னுலிங்கம் கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது.

மாப்பிள்ளைக்குச் சங்கடமாகிவிட்டது. பேச்சை முடித்து வைப்பதற்காக விளையாட்டாகச் சொன்னார்: "அப்படிப் பார்த்தா, எந்த மொழியிலயும் அர்த்தம் இல்லாத பேரா ஒண்ணு வச்சுக்கோங்க மாமா."

எங்களிடம் விளையாட்டாகச் சொல்லக் கூடாது. அண்ணன் எழுந்து நின்று அதையே தீர்மானமாக்கினார். அதோடு விட்டாரா? உலகத்தில் எந்த மொழியிலும் அர்த்தமில்லாத பேர் ஊருக்குக் கிடைக்கும்வரை தன் வீட்டுப் பந்தலில் மேளம் கொட்டாது என்று குலசாமி மேல் ஆணையிட்டுவிட்டார். ஆவணியில் மாப்பிள்ளை லீவில் வரும்போது கல்யாணம். அதை விட்டால் மாப்பிள்ளை மறுபடி கப்பலேறிவிடுவார், திரும்பி வர அடுத்த வருஷம் ஆகும். செல்லக்கனி முற்றத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். கையில் இருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்த சத்தத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

மறுநாள் ஊர்ப் பலகையில் தார் பூசினோம். இனி மா என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று தண்டோரா போட்டோம். நாங்கள் ஒன்று சொன்னால் அதன்படி நடப்பவர்கள். பிள்ளைகள் அம்மாவை 'அம்' என்று கூப்பிட்டன. கடையில் 'இட்லி வு'க்கு அரிசி கேட்டார்கள். மாமாவைக் கூப்பிட ஒரு எழுத்துகூட மிச்சம் இல்லாமல் போனதால், மாமன்மார்களை முதுகில் தட்டித்தான் திருப்ப வேண்டியிருந்தது. ஆமாம் என்றும் சொல்ல முடியாது. அதனால் அதற்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் எதிர்ப்பவர்கள் மட்டும் பேசினார்கள்.

பஸ்ஸில்தான் கொஞ்சம் சிரமம். எங்கே போகணும் என்று கண்டக்டர் கேட்பார். வீட்டுக்கு என்போம். எந்த ஊர் என்பார். அது இன்னும் முடிவாகவில்லை என்போம். சிலர் சந்தைக்குப் போய்விட்டு இறங்கத் தெரியாமல் பஸ் டிப்போ வரை போய்ப் படுத்திருந்து மறுநாள் வந்தார்கள்.

பேர் தேடும் வேலை ஒரு பக்கம் மும்முரமாக நடந்தது. முதலில், பழைய பேர்போலவே ஒரே எழுத்தில், 'தூ' என்ற பேர் வந்தது. அர்த்தம் இருக்கிறதா என்று பார்த்துவர பொன்னுலிங்கமே நான்குவழிச் சாலைக்குப் போனார். அங்கே ஒரு பரோட்டாக் கடையில் எல்லா மாநிலத்து லாரிகளும் நிற்கும். முதலில் அகப்பட்ட நம்மூர் டிரைவர் முகத்துக்கு நேராக நின்று "தூ" என்றார். பிறகு ஒரு வடக்கத்தி டிரைவரிடமும் போய் அதையே சொன்னார். அவர்கள் மொழியில் அது மரியாதை இல்லாமல் 'நீ' என்பதாம். பொன்னுலிங்கம் சட்டை இல்லாமல் திரும்பி வந்து, இரண்டு மொழியிலும் அர்த்தம் இருக்கிறது, விவரம் முதுகில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார்.

அதற்குப் பிறகு நேரில் விசாரிப்பதை விட்டுவிட்டு, கப்பலுக்கே அனுப்புவது என்று முடிவானது. நிச்சயம் முடிந்ததுமே மாப்பிள்ளை கப்பலுக்குத் திரும்பியிருந்தார், செல்லக்கனியின் போனில்தான் கிடைப்பார். நாங்கள் ஒரு பேரைச் சொல்வோம், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்புவாள். அந்த மனுஷர் சமையல்கட்டை விட்டுவிட்டு, மேல்தளம் கீழ்தளம் என்று ஏறி இறங்கி ஒவ்வொருவராக விசாரித்துப் பதில் போடுவார். 'லா' என்று அனுப்பினோம். அரபியில் 'இல்லை' என்று பதில் வந்தது. 'சீ' என்று அனுப்பினோம். ஸ்பெயின் நாட்டில் அதற்குச் 'சரி' என்று அர்த்தமாம். பெண் பார்க்க வந்தவனைச் சீ என்று சொன்னால் கல்யாணம் நிச்சயமாகிற தேசமும் இருக்கிறதே என்று ஊரே கன்னத்தில் கை வைத்துக்கொண்டது. 'கா' என்று அனுப்பினோம். ஜப்பான்காரர் ஒருவர் அது கொசு என்று சொல்லிவிட்டார்.

ஆடி பிறந்து ஆடியும் பாதி போனது. கல்யாணப் பத்திரிகையில் ஊர்ப் பேர் வருகிற இடம் வெள்ளையாகவே கிடந்தது. நல்ல பிள்ளை ஒருவர் தன் கல்யாணத்தைத் தானே ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். செல்லக்கனி ஒருநாள் போனில் வெடித்துவிட்டாள்.

"நீங்க என்னைக் கட்டிக்கப் போறீங்களா, அகராதி எழுதப் போறீங்களா?"

அந்தச் சமயத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பள்ளிக்கூடத்தில் ங வரிசை எழுதத் தெரியாமல் நான் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. ஙி, ஙீ, ஙு, ஙூ என்று சிலேட்டு தேயத் தேய எழுதினேன். அதற்குப் பிறகு வாழ்நாளில் ஒருநாளாவது அதில் ஒரு எழுத்து எனக்கு உதவியதா? கடைக் கணக்கில் வந்ததா, கல்யாணப் பத்திரிகையில் வந்ததா? அர்த்தமே இல்லாத எழுத்து என்று ஒன்று இருந்தால் அது இதுதான். கூட்டத்தில் எழுந்து "ஙூ" என்றேன். அண்ணன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

அன்று செல்லக்கனி போன் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். மாப்பிள்ளையின் குரல் வெளியே கேட்டது. எல்லாரும் தெரியாது என்று சொல்லிவிட்டார்களாம். துவான் மட்டும் கேட்ட மாத்திரத்தில் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டானாம்.

"அவங்க மொழியில அதுக்கு முட்டாள்னு அர்த்தமாம்" என்றார் மாப்பிள்ளை.

செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்படி ஒரு அர்த்தமும் இல்லைன்னு அப்பாகிட்டச் சொல்லுங்க."

"பொய்யா சொல்லச் சொல்ற?"

"கல்யாணம் வேணும்னா சொல்லுங்க. இல்லைன்னா துவானையே கட்டிக்கோங்க."

அவள் போனை அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாப்பிள்ளை தன் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொன்னார். அண்ணன் ஊரைக் கூட்ட ஓடியதும் செல்லக்கனி என் பக்கம் திரும்பி, இதை யாரிடமும் சொல்லக் கூடாது சித்தப்பா என்று சத்தியம் வாங்கினாள். நானும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போதுகூட எழுதத்தான் செய்கிறேன்.

ஊர் திருவிழாப்போல ஆகிவிட்டது. மா மீதிருந்த தடை நீங்கியதால் மாமன்மார்கள் மறுபடி திரும்பிப் பார்த்தார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஙூ என்று எழுதிய புதுப் பலகை நட்டோம். இத்தனை காலம் வேலைவெட்டி இல்லாமல் கிடந்த ஒரு எழுத்துக்கு நம் ஊர்தான் வேலை கொடுத்திருக்கிறது என்று அண்ணன் ஒலிபெருக்கியில் பேசினார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஆவணியில் பந்தல் எழுந்தது. மாப்பிள்ளை வந்து மணையில் உட்கார்ந்தார். தாலியைத் தட்டில் வைத்து எல்லாரிடமும் ஆசி வாங்கி வந்தார்கள். புரோகிதர் மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அப்போது பொன்னுலிங்கம் எழுந்து, தனக்கு ஒரு சின்னச் சந்தேகம் இருப்பதாகச் சொன்னார்.

"தலைவரே, ஙூன்னா என்ன?"

"என்னய்யா கேள்வி? நம்ம ஊரு."

"அப்போ அதுக்கு அர்த்தம் வந்துருச்சே."

அண்ணன் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஙூ என்றால் நம் ஊர். நம் ஊர் என்பது அர்த்தம். அதுவும் தமிழிலேயே அர்த்தம். குலசாமி ஆணை என்ன ஆவது? மேளத்தை நிறுத்தச் சொன்னார். புதுசாக வேறு பேர் தேடுவோம் என்றார் ஒருவர். எந்தப் பேர் வைத்தாலும் வைத்த நிமிஷமே அது கெட்டுப்போகிறதே என்று இன்னொருவர் தலையில் அடித்துக்கொண்டார். முகூர்த்தம் தாண்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தாலியும் கையுமாக விழித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த செல்லக்கனி நிமிர்ந்தாள்.

"பலகை நம்ம ஊர்ல நிக்கிறதாலதானேப்பா நம்ம ஊருன்னு அர்த்தம் வருது? யாருமே இல்லாத இடத்துல கொண்டு நட்டுட்டா?"

அவ்வளவுதான். அண்ணன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே பொன்னுலிங்கம், அவர் பின்னால் நான், எனக்குப் பின்னால் மொத்த ஊரும். பலகையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு, ஊரைத் தாண்டி, ஒரு குடிசைகூட இல்லாத கண்மாய்க்கரையில் ரோட்டோரமாக நட்டோம். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பந்தலுக்குத் திரும்பினால், செல்லக்கனி கழுத்தில் தாலி ஏறியிருந்தது. இருந்தவர்கள் புரோகிதரும் மேளக்காரர்களும் அண்ணியும்தான். பேரிலிருந்து அர்த்தம் விலகிய அதே நொடியில் தாலி ஏறியிருக்கிறது, இதுவல்லவோ நல்ல நேரம் என்று அண்ணன் ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

இப்போதும் பலகை அங்கேதான் நிற்கிறது. பஸ்ஸும் அங்கேதான் நிற்கிறது. நாங்கள் கண்மாய்க்கரையில் இறங்கி, பேர் இல்லாத இடத்துக்கு நடந்து வருகிறோம். விலாசம் கேட்பவர்களிடம், ஙூ பலகை தெரிந்தால் நீங்கள் எங்கள் ஊரில் இல்லை என்று சொல்லிவிடுகிறோம்.

அடுத்த வருஷம் திரவியம் விடுமுறைக்கு வந்தபோது துவானையும் அழைத்து வந்தார். வரவேற்க ஊரே கண்மாய்க்கரைக்குப் போயிருந்தது. துவான் பஸ்ஸைவிட்டு இறங்கி, பலகையில் இருந்த ஆங்கில எழுத்தைப் படித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிறகு எங்களைக் காட்டி, "ஙூ?" என்று கேட்டான்.

அண்ணன் நெஞ்சில் தட்டினார். "ஙூ! பரம்பரை ஙூ!" பொன்னுலிங்கம் முன்னால் வந்து தானும் ஙூதான் என்றார். ஒவ்வொருவராகக் கைகூப்பி, ஙூ, ஙூ என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். துவானுக்கு மூச்சு முட்டியது.

என் முறை வந்தது. செல்லக்கனியை விட்டால் ஊரில் எனக்கு மட்டும்தான் அர்த்தம் தெரியும். சொல்லவும் கூடாது, சத்தியம். அதனால் தலையை ஆட்டி, "நான் ஙூ இல்லை" என்றேன்.

அண்ணனுக்கு அவமானமாகிவிட்டது. விருந்தாளி முன்னால் சொந்த ஊரையே இல்லை என்கிறானே என்று என்னைக் காட்டி, "இவன் ஒரு முட்டாள், தம்பி, இவன் பேச்சைப் பெருசா எடுத்துக்காதீங்க" என்றார்.

அவர் என்ன சொல்கிறார் என்று துவான் திரவியத்திடம் கேட்டான். திரவியத்துக்குத்தான் பொய் சொல்ல வராதே. முட்டாள் என்ற அந்த ஒரு சொல்லை அவன் மொழியிலேயே சொன்னார். துவான் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கி, என்னைப் பலகைக்கு நேர் கீழே, எல்லாருக்கும் நடுவில் நிறுத்திப் படம் எடுத்தான்.