சுவிட்ச் வைத்த இடம்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. எனக்குச் சொன்ன சித்தப்பாவும் அங்கே இல்லை. ஜெபராணியின் பெயிண்டிங் ஷெட்டில் கார்களின் பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்புகிற ஒருவர் சொல்ல, சித்தப்பா கேட்டிருக்கிறார். அந்தப் பட்டிக்காரருக்குச் சொன்னவர், இது யாருக்கு நடந்ததோ அந்தப் பால்துரையேதான் என்கிறார்கள். ஆகவே பேச்சு வார்த்தைக்கு வார்த்தை இப்படித்தான் இருந்தது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பதில் பெயர் வாங்கியவர் ஜெபராணி. வயது முப்பத்தைந்து இருக்கும். பால்துரைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. வேலை பார்த்த நூல் மில்லை மூடிய பிறகு, ஜெபராணியிடம் தொழில் கற்க வந்தவர்.

"தாத்தா ஸ்கூல்ல சேந்துட்டாரு" என்று ஷெட்டில் சிரித்தார்கள்.

"சேந்தா என்னல? எங்க டீச்சரம்மா அடிக்க மாட்டாங்க" என்றார் பால்துரை.

டீச்சரம்மா என்ற பெயர் அப்படிக் கேலியாகத் தொடங்கியது. கொஞ்ச நாளில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தொழில் கைக்கு வந்ததும், பால்துரை வீட்டை ஒட்டி இருந்த கார் ஷெட்டில் தனியாக வேலை தொடங்க முடிவு செய்தார். இது நடக்காமல் போனால் மறுபடி ஒன்றை முதலிலிருந்து கற்கும் வயது இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பெயிண்டைப் பீய்ச்ச, டேங்கில் காற்றை அழுத்தி அடைத்துத் தரும் கம்ப்ரசர் வேண்டும். ஒருநாள் ஜெபராணியிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, வீட்டு ஷெட்டுக்கு எந்தக் கம்ப்ரசர் வாங்கலாம்?"

"எங்க வைக்கப் போறீங்க அண்ணாச்சி?"

"வீட்டுச் சுவர ஒட்டி."

"சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?"

பால்துரை சிரித்துவிட்டார். "நான் டேங்க் பத்திக் கேட்டா, நீங்க குடும்பத்த விசாரிக்கீங்க."

"யோசிச்சிட்டு வாங்க. அப்புறம் டேங்க் பேசலாம்."

அவர் யோசிக்கவில்லை. மூடிப்போன அரிசி ஆலை ஒன்றின் கம்ப்ரசர் பழைய இரும்புக் கடைக்கு வந்திருந்தது. பெரிய டேங்க். புதிதாக நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில், அதைப் பெயர்த்தெடுத்த தழும்பு மட்டும் இருந்தது. கடைக்காரர் டேங்கைத் தட்டிக் காட்டினார். கணீரென்றது.

"அந்தக் காலத்து இரும்பு அண்ணாச்சி. உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும்."

பால்துரை வாங்கிவிட்டார்.

அதை ஷெட்டில் கொண்டுவந்து வைத்து, ஒரு வாரம் ஓட்டியும் பார்த்துவிட்டு, ஜெபராணியை வீட்டுக்குக் கூப்பிட்டார். மறுநாள் முதல் கார் வருகிறது. அதற்குள் டீச்சரம்மா வாயால் நல்லாருக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

ஜெபராணி ஸ்கூட்டரில் வந்தார். காலடியில் ஒரு சாக்குப் பை இருந்தது. அதை எடுத்து வந்து ஷெட் மூலையில் வைத்தார். பிரிக்கவில்லை.

டேங்கைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"காலுக்கு ரப்பர் வச்சது நல்லாருக்கு."

"தரை மட்டம் பாத்து நிறுத்தினேன்."

"குழாயச் சரிவா ஓட்டினது நல்லாருக்கு."

"தண்ணி நிக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லித் தந்ததுதான."

"சுவிட்ச் எங்க?"

பால்துரை வெளியே கை காட்டினார். மோட்டாரிலிருந்து ஒரு வயர் கிளம்பி, கூரைச் சட்டத்தில் ஏறி, வாசல் வழியாக வெளியே போய், முற்றத்தைத் தாண்டி, கேட்டுத் தூணில் முடிந்தது. அங்கே சுவிட்ச் இருந்தது.

"அவ்வளவு தூரத்துல எதுக்கு?"

"சத்தம். காதுக்கு ஆகல."

"காதுல பஞ்சு வச்சா போதுமே."

"கேட்டுக்கு யாராச்சும் வந்தாலும் பாத்துக்கிடலாம்."

"மழை பெஞ்சா?"

"மூடி போட்டிருக்கேன்லா."

"எல்லாத்தையும் யோசிச்சிருக்கீங்க."

"யோசிக்காம இருப்பனா?"

ஜெபராணி அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தார். டேங்குக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் போட்டு உட்கார்ந்தார். முதுகு சுவரில் பட்டது. முழங்கால் டேங்கில் பட்டது.

"போய் சுவிட்சப் போடுங்க அண்ணாச்சி."

"அங்க ஏன் உக்காருதீங்க? வெளிய வாங்க."

"அழுத்தம் காட்டுத முள் ஏறுததப் பக்கத்துல இருந்து பாக்கணும்."

"வெளிய நின்னாலும் தெரியும்."

"எனக்குத் தெரியாது. போடுங்க."

"ஒரு வாரமா ஓட்டுதேன் டீச்சரம்மா. ஒண்ணும் ஆகல."

"அதான் போடுங்கங்கேன்."

பால்துரை கேட்டுக்குப் போனார். மூடியைத் தூக்கி, சுவிட்சில் விரலை வைத்தார். அங்கிருந்து பார்த்தால் டேங்கின் நீல முதுகும், அதற்கு அந்தப் பக்கம் ஜெபராணியின் செருப்புக் கால்களும் தெரிந்தன. கால்கள் அசையவில்லை.

விரலும் அசையவில்லை.

தெருவில் யாரும் இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. தினமும் இருந்த சத்தம்தான். தினமும் அவர் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் இரைச்சலில் மறைந்துபோகிற சத்தம்.

தையல் மிஷின்.

அவர் மனைவி தங்கபுஷ்பம் பள்ளிக்கூட யூனிபார்ம் தைக்கிறவர். வீட்டுக்குள் டியூப் லைட், கம்ப்ரசருக்கு நேர் பின்னால் இருந்த சுவரில்தான் இருந்தது. அதனால் மிஷினையும் அந்தச் சுவரை ஒட்டியே போட்டிருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருப்பார். ஒற்றைச் செங்கல் சுவர்.

மிஷின் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது.

"என்ன அண்ணாச்சி, கரண்ட் இல்லையா?" என்று ஷெட்டுக்குள்ளிருந்து ஜெபராணி கேட்டார்.

பால்துரை திரும்பி வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

வீட்டுக்குள்ளிருந்து தங்கபுஷ்பத்தின் குரல் வந்தது. "ஏங்க, போடுததா இருந்தா போட்டுத் தொலைங்க. திடீர்னு டமார்னு நீங்க போட்டா எனக்குத் தையல் கோணுது. எவ்வளவு நேரம் துணியப் பிடிச்சிக்கிட்டே இருக்கது?"

பால்துரை விரலை எடுத்தார். சுவிட்சுக்கு மூடியைப் போட்டார்.

ஷெட்டுக்குள் வந்தபோது அவருக்குக் கோபம்.

"இது தாங்குமா, தாங்காதா? அத மட்டும் சொல்லுங்க."

"எனக்குத் தெரியாது."

"உங்களுக்கே தெரியலன்னா யாரக் கேக்க?"

"டேங்கத்தான் கேக்கணும்."

ஜெபராணி எழுந்து சாக்குப் பையைப் பிரித்தார். உள்ளே, குழாய் வேலைக்காரர்கள் அழுத்தம் பார்க்க வைத்திருக்கும் கைப்பம்பு ஒன்று இருந்தது.

"மெயின அணைச்சிட்டு, மேல் வாயத் திறந்து டேங்க் நிறையத் தண்ணி விடுங்க. உள்ள கொஞ்சம்கூடக் காத்து நிக்கக் கூடாது."

"காத்து அடைக்கிற டேங்குக்குத் தண்ணியா?"

"தண்ணி ஒழுகிக் காட்டும். காத்து காட்டாது, வெடிச்சிரும்."

டேங்க் நிறைய நேரமானது. தண்ணீர் வாய் வழியாக வழிந்ததும் அடைத்து, பம்பை மாட்டினார்கள். பால்துரை பிடியை அழுத்தினார். ஜெபராணி சாக்கை விரித்து, தரையில் படுத்து, டேங்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏத்துங்க."

முள் ஏறியது. தினமும் மோட்டார் தானாக நிற்கிற அளவுக்கு வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பால்துரைக்கு மூச்சு வந்தது.

"பாத்தீங்களா?"

"இன்னும் ஏத்துங்க."

"இதுக்கு மேல ஏறாது. தானா நின்னுரும்."

"ஒருநாள் நிக்கலன்னா?"

அவர் மறுபடி அழுத்தினார். முள் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. பிறகு, அவர் பிடியை அழுத்தி வைத்திருக்கும்போதே, இறங்க ஆரம்பித்தது.

சத்தம் எதுவும் இல்லை.

"குனிஞ்சு பாருங்க" என்றார் ஜெபராணி.

பால்துரை குனிந்தார். டேங்கின் வயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு நீலப் பெயிண்ட் உப்பியிருந்தது. அதன் நடுவே மெல்லிய கோடு ஒன்று. கோட்டிலிருந்து துருத் தண்ணீர் சொட்டியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொட்டு ஒழுக்கானது. ஒழுகிய தண்ணீர் நாற்காலியின் கால்களைச் சுற்றிக்கொண்டு சுவர் வரைக்கும் போனது.

பாதி தைத்த யூனிபார்ம் சட்டையைக் கையில் வைத்தபடி தங்கபுஷ்பம் வாசலுக்கு வந்தார்.

"என்னங்க இது, ஷெட்டக் கழுவுதீங்களா?"

பால்துரை அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, மூஞ்சில ஏதும் ஒட்டியிருக்கா?" என்று தங்கபுஷ்பம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஜெபராணியிடம், "டீ போடட்டா டீச்சரம்மா?" என்றார்.

"போடுங்க மதினி."

அவர் உள்ளே போனார். தையல் மிஷின் சத்தம் இல்லை. பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு வர்ற காரு?" என்றார் பால்துரை.

"நம்ம ஷெட்டுக்குக் கொண்டு வாங்க. அங்க வச்சு நீங்களே அடிங்க."

"சரி. அப்ப நான் எத வாங்கட்டும்? சின்னதா, பெருசா? எத்தன லிட்டர், எத்தன ஹெச்.பி.? இந்தத் தடவ சொல்லிருங்க டீச்சரம்மா. கேட்டுக்கிடுதேன்."

ஜெபராணி மோட்டாரிலிருந்து வயரைக் கழற்றினார். கூரைச் சட்டத்திலிருந்து இறக்கி, முற்றத்தைத் தாண்டி நடந்து, கேட்டுத் தூண் வரை அதைக் கையிலும் முழங்கையிலுமாகச் சுற்றிக்கொண்டே போனார். சுவிட்சையும் கழற்றினார். திரும்பி வந்து அந்தச் சுருளை பால்துரையின் கையில் வைத்தார்.

"இந்த வயர் தேவைப்படாதத வாங்குங்க."

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கேட்டுத் தூணில் ஆணி அடித்த துளைகள் இருக்கின்றன, சுவிட்ச் இல்லை. ஷெட்டுக்குள் சின்னதாக ஒரு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. சுவிட்ச் கம்ப்ரசர் பக்கத்திலேயே, டேங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் போடுகிற தூரத்தில் இருக்கிறது.