பின்னிருக்கைக் கை

பாலைவன நாடு ஒன்றின் விமானப்படைத் தளத்துக்கு வெளிநாட்டு நிபுணர்கள் வந்தார்கள். ஒரு வாரம் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டார்கள். "அரபு விமானிகளுக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும், சொந்தமாக எதுவும் வராது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்களே, அந்தக் கணக்கு.

அவர்கள் எடுத்துப் பார்த்த சோற்றின் பெயர் நவாஃப்.

குறுக்குக் காற்றில் விமானத்தை இறக்கும்போது நவாஃபின் கை ஒரு கணம் தயங்கும். இரண்டு சோதனைகளில் தோற்றுவிட்டான். மறுநாள் மூன்றாவது. அதிலும் தோற்றால் பறப்பதற்கு முழுக்கு; கிடங்கில் டயர் அடுக்க வேண்டியதுதான். சாப்பாட்டுக் கூடத்தில் ஓடுபாதை தெரிகிற ஜன்னலோரம்தான் அவன் உட்காருவான். ஒரு விமானம் எழும்பினால் எடுத்த ரொட்டி கையிலேயே நிற்கும். பறக்க வேண்டும் என்ற ஏக்கம் அந்த மனிதனைத் தின்றுகொண்டிருந்தது.

அவனைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பயிற்றுநர் ராகான். நாற்பதைத் தாண்டியவர். மனசு கேட்காமல் தன் ஆசான் முனீஃபைத் தேடிப் போனார்.

முனீஃப் ஓய்வுபெற்ற பயிற்றுநர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ராகான் வருவார் என்பதற்காகவே மற்ற நாட்களைக் கழித்துக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. வாசலில் ராகானைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"உஸ்தாத்" என்று ஆசானை அழைத்தார் ராகான். "நவாஃப் தேறுவானா?"

"அவனோடு பறக்கிறவன் நீ. என்னைக் கேட்கிறாயே?"

"நல்ல உழைப்பாளி. ஆனால் மேலே போனால் யாருக்கோ காத்திருக்கிறான்."

"யாருக்கு?"

"அது தெரிந்தால் உங்களிடம் ஏன் வருகிறேன்?"

முனீஃப் காபி கொதித்த பாத்திரத்தின் அடியை ஒரு துணியால் அழுத்தித் துடைத்தார். துணியில் கரி அப்பிக்கொண்டது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"வா. ஒருமுறை இரண்டு பேரும் பறந்து காட்டுங்கள்."

பயிற்சி விமானத்தில் முன்னால் மாணவன், பின்னால் பயிற்றுநர். விமானத்தை ஓட்ட இருவருக்கும் ஆளுக்கொரு பிடி. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். முனீஃப் ஏணியில் ஏறி, பின்னிருக்கைக்குள் குனிந்து, கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். கிழவருக்குப் பழைய ஆசை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று தளத்தில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள்.

விமானம் எழும்பிச் சுற்றி வந்து இறங்கியது. காற்று அன்று பலமாக இருந்தது.

நவாஃப் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு தள்ளிப் போய் நின்றான். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"எப்படி?" என்றார் முனீஃப்.

"அதே தயக்கம்தான், உஸ்தாத்."

"உன் கை எங்கே இருந்தது?"

"என் முழங்காலில். ஓட்டியது அவன்."

"கையுறையைத் திருப்பு."

ராகான் திருப்பினார். உள்ளங்கை முழுக்க அடுப்புக்கரி.

அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் தவறினால் பிடிக்க வேண்டுமே என்று கை தானாகப் பிடிக்குப் போயிருக்கிறது."

"உனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். தான் பிடித்திருப்பதை இன்னொருவரும் பிடித்திருந்தால் விரல் உணராதா? காற்று அடிக்கும்போது நீ எந்தப் பக்கம் அசைப்பாய் என்று காத்திருக்கிறான்."

"கையை எடுங்கள் என்று சொல்லியிருக்கலாமே?"

"ஆசிரியரிடம் அப்படிச் சொன்னவன் இந்தத் தளத்தில் யார்? நீ என்னிடம் சொன்னாயா?"

ராகான் ஓடுபாதையைப் பார்த்தார்.

"சொல்லவில்லை. ஒரே ஒரு தடவையாவது விமானம் முழுக்க என் கையில் இருக்காதா என்று ஏங்கினேன். சொல்லத்தான் வாய் வரவில்லை."

முனீஃப் தலையை ஆட்டினார்.

"நாளைக்கு நான் கையை எடுத்து, அவனுக்குக் காற்று பிடிபடாவிட்டால்?"

"இரண்டு பேர் உயிருக்கும் ஆபத்து."

"அப்படியென்றால் எடுக்கட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லிவிடுங்கள்."

முனீஃப் பார்வையைத் திருப்பினார். தூரத்தில் நவாஃப் இன்னும் வெயிலில் நின்றுகொண்டிருந்தான்.

ராகானின் குரல் தணிந்தது. "எனக்கு எப்போது கையை எடுத்தீர்கள், உஸ்தாத்?"

"இன்னும் எடுக்கவில்லை" என்றார் முனீஃப். "எடுத்திருந்தால் இதைக் கேட்க இன்று நீ என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டாய். நாளை என்ன ஆயிற்று என்று சொல்லவும் வராதே. கேட்க வேண்டும் என்று எனக்குத் துடிப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் வராதே."