அட்டைப்பெட்டி ஊமையான கதை

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமல்ல, அட்டைப்பெட்டியும் பேசும். சும்மா வாயடிக்காது. தன்னால் எவ்வளவு சுமக்க முடியும், தனக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்ததும், யார் அனுப்பியது, என்ன அனுப்பியது, வழியில் என்ன நடந்தது என்று ஒப்புவிக்கும். அதில் ஒரு சொல் பொய் இருக்காது. மனிதர்கள் சத்தியம் செய்தாலும் நம்பாதவர்கள், பெட்டி சொன்னால் நம்பினார்கள்.

மலையடிவாரத்து ஊரொன்றில் வெயிலாள் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை. ஒரே மகள் வடிவு. அவள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். "இனிமே என் வாசலை மிதிக்காதே" என்று சொன்னது வெயிலாள்தான். நாலு வருஷம் அந்த வீம்பு நின்றது. மகளுக்கு ஏழாம் மாதம் என்று வண்டிக்காரன் வந்து சொன்னதும் ஒரே நாளில் கரைந்து போயிற்று.

நேரில் போக ஆசைதான். கூப்பிடாமல் எந்த முகத்தோடு போவது? முதலில் வளைகாப்புக்கு வளையல் போகட்டும், 'வாம்மா' என்று மகள் ஒரு சொல் அனுப்பினால் போதும், ஓடிப்போய்விடலாம் என்று நினைத்தாள். பச்சையும் சிவப்புமாக ஆறு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு மூக்கையாவின் பட்டறைக்குப் போனாள்.

மூக்கையா பெட்டி செய்கிறவர். அவளுக்குக் கொழுந்தன் முறை. அவரிடம் எல்லாத் தினுசும் உண்டு. துணிமணிக்கு மூன்று தாள் பெட்டி, வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் நெளிநெளியாக ஒன்று. கனமான சாமானுக்கு ஐந்து தாள் பெட்டி. உடைகிற சாமானுக்கு உள்ளே கட்டம் கட்டமாக அறை வைத்தது.

வளையலைக் கண்டதும் மூலையிலிருந்து ஒரு சின்னப் பெட்டி குரல் கொடுத்தது. "தாயி, என்னைய எடுத்துக்க. நான் அஞ்சு தாளு. உள்ள அறை இருக்கு. ஒண்ணோட ஒண்ணு இடிக்காது."

"அதுதான் மதினி சரி" என்றார் மூக்கையா.

வெயிலாளின் முகம் சுண்டிப் போயிற்று. "இத்துனூண்டா? நாலு வருசம் கழிச்சு ஆத்தா வீட்டுச் சீரு போகுது கொழுந்தனாரே. கைக்குள்ள அடங்குற மாதிரி போனா சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாக? அந்தா இருக்கே, அதைக் குடுங்க."

அவள் காட்டியது பூப்போட்ட பெரிய பெட்டி. அது பதறியது. "வேணாம் தாயி. நான் சேலைக்குன்னு செஞ்சவன். மூணு தாளுதான். உன் வளையலு எனக்குப் பாதி வயிறுகூட நிறையாது. உள்ள உருளும். மேல ஒரு மூட்டையை வச்சா நான் அமுங்கிப் போவேன்."

"வைக்கோலாவது திணிங்க மதினி."

"நல்லாருக்கே! சீர்ப்பெட்டியத் திறந்தா மாட்டுத் தீவனமா கண்ணுல படணும்?"

சொல்லிவிட்டு வளையலை அடுக்கினாள். வாசலில் வண்டி காத்திருந்தது. பெட்டி விடுகிற மாதிரி இல்லை. "பாதி காலி, தாயி. பாதி காலி" என்றது.

அப்போதுதான் அவளுக்குத் திக்கென்றது. இது சம்பந்தி வீட்டு முற்றத்தில், அத்தனை பேர் முன்னால் இதையே சொல்லுமே! அதுவரை பெட்டிகளுக்குக் கயிறுதான் கட்டுவார்கள். வெயிலாள் மூக்கையாவின் பலகைமேல் கிடந்த பசைத்தாளை எடுத்து, பெட்டியின் உதடுகளைச் சேர்த்து அழுத்தி ஒட்டினாள். உள்ளே கொஞ்ச நேரம் முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

எட்டாம் நாள் வண்டியோடு பெட்டி திரும்பி வந்தது. மேற்புறம் குழிந்திருந்தது. உள்ளே ஒரு வளையல்கூட முழுசாக இல்லை. "பெட்டியப் பார்த்ததும் உன் மக தெருவையே கூப்பிட்டுச்சு" என்றான் வண்டிக்காரன். "ஒட்டுன தாளைப் பிச்சுத் திறந்துச்சு, பெட்டி வாயே திறக்கல. எடுத்துட்டுப் போங்கன்னுச்சு."

வெயிலாள் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினாள். மூன்றாம் நாள் மகளின் வாசலில் நின்றாள். வடிவு வயிற்றைத் தாங்கியபடி வந்து நிலைப்படியில் நின்றாள். கை இரண்டும் வெறுமையாக இருந்தன.

"உடைஞ்ச வளையலை அனுப்பி என் தாலிக்குச் சாபம் விட்டியேம்மா."

"இல்லடி தங்கம். என் கையால முழுசாத்தான் அடுக்கினேன்."

"நம்பணும்னுதான் எனக்கும் ஆசையா இருக்கு. பெட்டி பொய் சொல்லாது. அன்னைக்குச் சொல்லாததை இன்னைக்காவது அது சொல்லட்டும். அப்புறம் உள்ள வா."

வெயிலாள் பெட்டியை இறக்கினாள். "சொல்லு சாமி. பாதி காலியா இருந்ததையும் சொல்லு. உன் பேச்சைக் கேக்காததையும் சொல்லு."

பெட்டியின் உதடுகள் விரிந்தன, மூடின. தாள் உரசுகிற சத்தம்தான் வந்தது. பசை அதன் குரலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

"நான்தாண்டி வாயை ஒட்டினேன்" என்று அழுதாள் வெயிலாள்.

"ஒளிக்க எதுவும் இல்லாதவ எதுக்கும்மா பெட்டி வாயை ஒட்டணும்?"

அதற்கு வெயிலாளிடம் பதில் இருந்தது. ஊர் மெச்ச வேண்டும் என்று ஒட்டினேன் என்பதுதான் அந்தப் பதில். சொல்ல நா எழவில்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. பேத்தி பிறந்ததைக்கூட அவள் வண்டிக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். 'வாம்மா' என்ற சொல் வரவேயில்லை.

குழிந்த பெட்டியைப் பட்டறையில் வைத்தபோது மற்றப் பெட்டிகள் என்ன நடந்தது என்று கேட்டன. அது உதட்டை அசைத்தது, அவ்வளவுதான். மனிதர்களிடம் இனி என்ன பேச்சு என்று ஒவ்வொன்றாக எல்லாமே அடங்கிப் போயின. மூக்கையா மையைத் தொட்டு, அவை சொல்லக்கூடியதைத் தானே பெட்டிகளின்மேல் வரையத் தொடங்கினார்.

அன்று முதல்தான் பெட்டிகளின்மேல் கண்ணாடிக் குவளையும் மேல்நோக்கிய அம்பும் இருக்கின்றன. அன்று முதல்தான், எதை அனுப்புகிறவர்களும் வாயை ஒட்டுவதற்கு முன்னால் பெட்டியைக் காதோரம் தூக்கி, மெல்ல ஒரு தரம் ஆட்டிக் கேட்கிறார்கள்.