சுனையடி நிலமும் இரட்டைப்பிடி ரம்பமும்

வெயிலுக்கு ஒதுங்கி உட்கார்ந்தவர்களே, கேளுங்கள். பாதைகூட இல்லாத காலத்தில் ஒரு மலைநாட்டை ஓர் அரசன் ஆண்டுவந்தான். அந்த மலையடியில் கோடையிலும் வற்றாத சுனை ஒன்று இருந்தது. அதைக் காத்து ஊருக்கு முறைப்படி தண்ணீர் விட்டுவந்தவர் காலமாகிவிட, அரசன் பறையறைவித்து ஒரு செய்தி சொன்னான்.

காற்றில் சாய்ந்து காய்ந்து கிடக்கும் புளியமரத்தைத் திருவிழா அடுப்புக்காக மூன்று இடத்தில் அறுத்துத் தர வேண்டும். கணவனும் மனைவியும் மட்டும், ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் அரண்மனை ரம்பத்தைக் கொண்டு, பொழுது சாய்வதற்குள் அறுக்க வேண்டும். அறுத்தவர்களுக்கே சுனைக் காவலும் சுனையடி நிலமும்.

முதலில் ஒரு மல்லன் மனைவியோடு வந்தான். அவன் இழுத்த இழுப்பில் அவள் மரத்தைத் தாண்டி வந்து விழுந்தாள். அடுத்து வந்தவர்கள் எந்தப் பக்கம் நிழல் என்று சண்டை போட்டே பொழுதைக் கழித்தார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் கொஞ்சம் படுத்து எழுந்து அறுக்கலாம் என்றார்கள். படுத்தார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் வந்தார்கள் கொம்பையனும் சிலம்பாயியும். பங்குனியில்தான் கல்யாணம். பாறை இடுக்கில் குடித்தனம். குனிந்து நுழைந்து குனிந்தே எழ வேண்டிய வீடு அது. சுனையோரம் நிமிர்ந்து நிற்க ஒரு குடிசை வேண்டும் என்று சிலம்பாயிக்கு அப்படி ஓர் ஆசை.

இருவரும் கோடாலி பிடித்துப் பழகியவர்கள். இரண்டு பக்கமும் பிடி வைத்த ரம்பத்தை அன்றுதான் தொட்டார்கள். முதல் முறை அறுத்தார்கள், ரம்பம் வளைந்து மாட்டிக்கொண்டது. இரண்டாம் முறையும் வளைந்து மாட்டிக்கொண்டது. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

கஞ்சிக் கலயத்தை எடுத்து நீ குடி என்றான் அவன். நீங்கள் குடியுங்கள் என்றாள் அவள். இப்படியே கலயம் மாறி மாறிப் போய்வந்து, கீழே வைத்த நேரத்தில் காக்கை கவிழ்த்துவிட்டது. இரண்டு வயிறும் காய்ந்தன.

மூன்றாம் முறை அறுக்கும்போது வியர்வை சிலம்பாயியின் கண்ணில் வழிந்தது. ஒரு கையை எடுத்து முந்தானையால் துடைத்தாள். மற்றக் கை பிடியில் சும்மா கிடந்தது. அப்போது பார்த்து ரம்பம் சரக்கென்று ஓடியது. அவள் மறுபடி பலம் கொடுத்தாள், மாட்டிக்கொண்டது.

“மச்சான், நீங்க இழுக்கையில நான் என்ன செய்யிறேன் தெரியுமா? உங்களுக்கு நோவுமேன்னு இங்கிருந்து தள்ளுறேன்.”

கொம்பையன் தலையைச் சொறிந்தான். “நானும்தான் புள்ள. உனக்கு நோவுமேன்னு தள்ளிக்கிட்டே இருக்கேன்.”

இருவரும் மரத்தின் மேல் சாய்ந்து சிரித்தார்கள். ஆனால் பாசத்தில் பழகிய கை சும்மா இருக்குமா? இழுக்கச் சொன்னால் இழுக்கிறது, விடச் சொன்னால் விட மாட்டேன் என்கிறது. சிலம்பாயி ஒரு வழி சொன்னாள். அவள் இழுக்கும்போது அவன் அவள் பெயரைச் சொல்ல வேண்டும். அவன் இழுக்கும்போது அவள் அழைக்க வேண்டும். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லையே, அதனால் மச்சான் என்றே அழைத்தாள். வாய்க்கு வேலை வந்ததும் கை அடங்கியது.

“சிலம்பாயீ.”

“மச்சான்.”

சரக், சரக் என்று மரத்தூள் மஞ்சளாய்க் கொட்டியது. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கூடச் சேர்ந்து கூப்பிட்டார்கள். மலையே அவர்கள் இருவரையும் கூப்பிடுவதுபோல் இருந்தது. முதல் அறுப்பு முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மேற்கே சூரியன் மலையைத் தொடும்போது மூன்றாவது துண்டும் உருண்டது.

அரசன் வந்து பார்த்து மகிழ்ந்தான். இருவரில் யார் அதிகம் உழைத்தது என்று கேட்டான்.

“அவுக இழுக்கையில நான் சும்மா இருந்தேன் சாமி. நான் இழுக்கையில அவுக சும்மா இருந்தாக” என்றாள் சிலம்பாயி.

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். ஊருக்கெல்லாம் முறை வைத்துத் தண்ணீர் விட இவர்களைவிட யார் வேண்டும் என்று சொல்லி, அங்கேயே நிலத்தைக் கொடுத்தான்.

அன்று மாலை சுனையில் ஒரே கலயத்தில் நீர் மொண்டார்கள். நீ குடி என்று அவன் நீட்டினான். அவள் மறுக்காமல் வாங்கி வயிறாரக் குடித்தாள். பிறகு அவன் குடித்தான்.

ஆகவே மக்களே, துணைவருக்குத் தோள் கொடுப்பது மட்டுமல்ல, அவர் முறை வரும்போது அவர் பலத்தை நம்பிக் கையைத் தளர விடுவதும் அன்புதான்.