கரண்ட்டைச் சுத்தம் செய்த பெட்டி

"பெட்டிக்குள்ள மணல்தான் இருந்துச்சு, அம்மா. அப்படின்னா இத்தனை வருஷமா என் காதுல விழுந்தது என்ன?"

நல்லசிவம் வந்ததும் வராததுமாகக் கேட்டார். வணக்கம் சொல்லக்கூட மறந்துபோயிருந்தார்.

திலகம்மா பாயைக் காட்டினார். அவர் உட்கார்ந்தார்.

முசிறியைத் தாண்டி, வாய்க்கால் ஓரத்தில் திலகம்மாவின் ஓட்டுக் கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலர் அங்கே வந்து பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். அம்மா ஒரு காலத்தில் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக்கொடுத்தவர். நல்லசிவத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் அவர் அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

நல்லசிவத்துக்குத் திருச்சி தில்லை நகரில் கடை. பாட்டுக் கேட்கும் கருவிகள் விற்பவர். மாடியில் கம்பளம் விரித்த ஓர் அறை உண்டு. அங்கே வாடிக்கையாளரை உட்காரவைத்து, கண்ணை மூடிக் கேட்கச் சொல்வார். எந்த ஒயர் போட்டிருக்கிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேர்.

அவர் கடையில் பெயர்பெற்ற சரக்கு அந்தப் பெட்டி. தெருக் கம்பத்திலிருந்து வருகிற கரண்ட்டில் அழுக்கு இருக்கிறதாம். பெட்டி அதை வடிகட்டிவிடுமாம். பாட்டு பளிங்குபோலக் கேட்குமாம்.

போன வாரம் அலமாரியிலிருந்து இறக்கும்போது ஒன்று கை நழுவிக் கீழே விழுந்தது. மூடி பிளந்தது. உள்ளே கனத்துக்காக மணல். ஒரு பக்கம் நுழைந்த ஒயர் எதையும் தொடாமல் மறுபக்கம் வெளியே போனது.

"இன்னொண்ணையும் பிரிச்சுப் பாத்தேன். அதுலயும் அதேதான்," என்றார் நல்லசிவம். "ஆனா நான் வித்தியாசத்தைக் கேட்டேன், அம்மா. சத்தியமாக் கேட்டேன். நான் பொய்யனா?"

அம்மா எழுந்து ஜன்னலருகே போனார்.

"கண்ணை மூடுங்க. மதகுத் தண்ணி கேக்குதா?"

"கேக்குது."

"ஜன்னலைத் திறக்கிறேன். எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

தாழ்ப்பாள் விலகும் ஓசை.

நல்லசிவம் தலையைச் சாய்த்துக் கேட்டார். மாடி அறையில் கேட்பதுபோலவே.

"தெளிஞ்சிருச்சு. முன்னாடி எல்லாம் ஒரே இரைச்சலாக் கிடந்துச்சு. இப்ப தண்ணி கல்லுல விழறது தனி, நுரை உடையறது தனி. வலப்பக்கம் ஏதோ குருவிகூடக் கேக்குது."

"கண்ணைத் திறங்க."

ஜன்னல் மூடித்தான் இருந்தது.

நல்லசிவத்தின் முகம் சுருங்கியது. பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"திறக்கலைன்னு எனக்குத் தெரியும்," என்றார் அம்மா. "இருந்தும் எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு."

நல்லசிவம் நிமிர்ந்தார்.

"அப்ப நான் பொய்யன் இல்லை."

"கேட்டது பொய் இல்லை."

"வித்தது?"

"யாருக்கு வித்தீங்க?"

"எத்தனையோ பேருக்கு."

"ஒருத்தரைச் சொல்லுங்க."

நல்லசிவம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரமாக அந்த ஒருத்தர் முகம்தான் அவர் கண்முன் நின்றது.

பொன்மலையில் சவரிமுத்து என்று ஒருவர். இளமையில் மஸ்கட்டில் வேலை பார்த்தவர். அந்த நாளில் அவர் மனைவி லூர்துமேரி கடிதம் எழுத மாட்டாள். கேசட்டில் பேசி அனுப்புவாள். மாடு கன்று போட்டது, கூரை ஒழுகுவது, மகளுக்குப் பல் விழுந்தது எல்லாம் அவள் குரலில் வந்து சேரும். அவள் இறந்த பிறகு சவரிமுத்துவிடம் மிஞ்சியவை அந்தக் கேசட்டுகள்தான்.

பெட்டியை மாட்டிய அன்று இருவரும் சேர்ந்து கேட்டார்கள். பாதியில் சவரிமுத்து கையை உயர்த்தினார்.

"மூச்சு," என்றார். "பேச வர்றதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறா. கேட்டீங்களா சார்?"

நல்லசிவமும் கேட்டார். இருவரும் அழுதார்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் சவரிமுத்து அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். பெட்டிமேல் ஒரு மல்லிகைச் சரம் கிடக்கும்.

"இதுல என்ன சிக்கல்?" என்று கேட்டார் அம்மா.

"அவர் மக ஓசூர்ல இருக்கா. ஜெசிந்தான்னு பேரு. நிறைமாசம். தாய் இல்லாத பொண்ணு. அப்பாவை வரச் சொல்லிக் கூப்பிடறா. இவர் போக மாட்டேங்கிறார்."

"ஏன்?"

நல்லசிவம் தயங்கினார்.

"பெட்டிக்குத் தனி எர்த் வேணும்னு அவர் கொல்லையில குழி தோண்டிச் செம்புக் கம்பி இறக்கினேன். இந்த எர்த்துலதான் வேலை செய்யும், பெட்டியை இடம் மாத்தினா பழக்கம் விட்டுரும், மறுபடி பழக மாசக்கணக்காகும்னு சொல்லி வச்சேன். பெட்டி அனுப்பற கம்பெனியில எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. நானும் நம்பினேன். அவர் இப்ப வீட்டைவிட்டு நகர மாட்டேங்கிறார். 'அங்கிள், நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பார்'னு அந்தப் பொண்ணு எனக்குப் போன் பண்ணுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பாக்கிறேம்மான்னு சொன்னேன்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"உண்மையைச் சொன்னா அவருக்கு அந்த மூச்சு போயிரும். சொல்லலைன்னா அந்தப் பொண்ணு தனியா ஆஸ்பத்திரிக்குப் போகும். நான் என்ன பண்றது?"

"மூச்சு கேசட்டுல இருக்கா, பெட்டியில இருக்கா?"

"தெரியலையே."

"தெரிஞ்சுக்கிட்டு வாங்க."

நல்லசிவம் ஊர் திரும்பினார். சவரிமுத்துவின் கேசட் தேய்ந்துபோனால் என்ன செய்வது என்று, பெட்டி மாட்டிய அன்றைக்கே ஒரு பிரதி எடுத்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அதை வெறுமனே, பெட்டி எதுவும் இல்லாமல், போட்டுக் கேட்டார்.

மூச்சு இருந்தது.

ஆனால் மூடிய ஜன்னல் வழியாகக் குருவியைக் கேட்ட காது அது. அதை எப்படி நம்புவது?

பிரதியைத் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி கோமதி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கடை மாடிக்கு ஒரு நாளும் வந்தவள் இல்லை. சவரிமுத்துவைப் பற்றியும் அவளுக்கு எதுவும் தெரியாது.

"இதைக் கேளு. என்ன கேக்குதோ அதைச் சொல்லு."

கோமதி ஈரக் கையோடு நின்று கேட்டாள்.

"யாரோ பொம்பளை பேசுறா. மாடு கன்னு போட்டதைச் சொல்றா." பிறகு புருவத்தைச் சுருக்கினாள். "ஒவ்வொரு தடவையும் பேசறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குதே, பாவம். இவளுக்கு இரைப்பு இருந்துச்சா?"

நல்லசிவம் செல்போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அம்மாவிடம் வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது.

"கேசட்டுலதான் இருக்கு, அம்மா. எப்பவும் அங்கதான் இருந்திருக்கு. இப்ப எல்லாம் சுலபமாப் போச்சு. பெட்டி ரிப்பேர்னு சொல்லி எடுத்துட்டு வந்துர்றேன். சாதாரணமா மாட்டினாலே நல்லாத்தான் கேக்கும்னு சொல்லிர்றேன். அவரும் ஓசூருக்குக் கிளம்பிருவார். மணலைப் பத்தி எதுக்குப் பேசணும்?"

அம்மா கண்களை மூடிக்கொண்டார்.

நல்லசிவம் பதிலுக்காகக் காத்திருந்தார். மற்றவர்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள். ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் தரையில் நகர்ந்து சுவரேறியது.

அம்மா கண்களைத் திறக்கவில்லை.

நல்லசிவம் எழுந்து போனார்.

மறுநாள் பொன்மலையில் சவரிமுத்துவின் மேசைமேல் ஒரு செய்தித்தாளை விரித்தார். கடையில் விழுந்து பிளந்த பெட்டியை அதன்மேல் கவிழ்த்தார். மணல் கொட்டியது. ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

சவரிமுத்து கொஞ்சம் மணலை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார்.

"என் பெட்டிக்குள்ள இருக்கிறதும் இதுதானா?"

"இதேதான்."

"கொல்லையில தோண்டின குழி?"

"அதுவும் வீண்தான்."

"என் லூர்துவைக் காட்டி எங்கிட்ட வித்திருக்கே."

எப்போதும் சார் என்று கூப்பிட்ட மனிதர். நல்லசிவம் தலை குனிந்து நின்றார்.

"எனக்கும் தெரியாதுய்யா அப்ப."

"உனக்குத் தெரியாட்டி நீ எதுக்கு விக்கிறே? எம்பொண்ணு அங்க தவிச்சுக்கிட்டுக் கிடக்கு. இந்த மண்ணுக்குக் காவல் இருந்துட்டு நான் இங்க உக்காந்திருக்கேன். வெளிய போ."

"போறேன். ஒண்ணே ஒண்ணு செஞ்சுட்டுப் போறேன்."

சவரிமுத்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

நல்லசிவம் மல்லிகைச் சரத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்டியைக் கழற்றினார். டேப் ரிக்கார்டரின் ஒயரை நேராகச் சுவரில் செருகிப் பொத்தானை அழுத்தினார்.

இரைச்சல். பிறகு மூச்சு. பிறகு, "நல்லா இருக்கீங்களா? இங்க நாங்க நல்லா இருக்கோம்..."

சவரிமுத்து உட்காரவில்லை. சுவரில் உள்ளங்கையை ஊன்றி, முதுகைக் காட்டியபடி நின்று கேட்டார். கேசட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்து பொத்தான் தானாக மேலெழும்பும்வரை இருவரும் அசையவில்லை.

"பெட்டி வர்றதுக்கு முன்னாடி," என்றார் சவரிமுத்து திரும்பாமலே, "இதைப் பாடவிட்டுட்டு நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருப்பேன்."

நல்லசிவம் கழற்றிய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"போ," என்றார் சவரிமுத்து. குரலில் முன்பிருந்த சூடு இல்லை.

சில வாரங்களுக்குப் பிறகு நல்லசிவம் மறுபடி முசிறிக்கு வந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"பொண்ணுக்குப் பிரசவம் ஆயிருச்சு, அம்மா. பெண் குழந்தை. சவரிமுத்து அங்கதான் இருக்கார். எங்கிட்ட இன்னும் பேசறதில்லை. ஜெசிந்தாதான் போன் பண்ணுச்சு."

"கேசட்?"

"மக வீட்டு அடுப்படியில ஒரு பழைய டப்பா டேப் ரிக்கார்டர்ல போட்டுக் கேக்கிறாராம். ஒரு பக்கம் மிக்ஸி ஓடுது, ஒரு பக்கம் குழந்தை அழுவுது. ஆனாலும் மூச்சு வர்ற இடத்துல கையைத் தூக்கிருவாராம். எல்லாரும் சத்தம் போடாம நிப்பாங்களாம்."

அம்மா சிரித்தார். நல்லசிவமும் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தார்கள்.

பிறகு நல்லசிவம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இன்னும் ஒரு கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"அவர் கதை வேற. அவருக்குக் கெடுதல் நடந்துச்சு, போய்ச் சொன்னேன். பெட்டி விக்கிறதையும் நிறுத்திட்டேன். ஆனா மத்த வீடுகள்ல பெட்டி அது பாட்டுக்கு இருக்கு. யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து, ஆகா என்ன தெளிவுன்னு ரசிச்சுக்கிட்டு இருக்காங்க. எங்கிட்ட வந்து யாரும் கேக்கலை. மூடின ஜன்னல் வழியா அவங்களும் குருவியைக் கேட்டுட்டுப் போகட்டுமே. நானாப் போய் அந்தச் சந்தோஷத்தை ஏன் கெடுக்கணும்?"

அம்மா அவரை ஒருமுறை பார்த்தார்.

எழுந்து வாசலுக்குப் போனார். படியில் நல்லசிவத்தின் செருப்பு கிடந்தது. அம்மா குனிந்தார்.

"அம்மா, என்ன இது, நீங்க போய்..." நல்லசிவம் பதறி எழுந்து ஓடினார்.

அதற்குள் அம்மா இரண்டு செருப்புகளையும் கையில் எடுத்து, தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்.