புனுகுப்பூனை வகுத்த நான்கு வரிசைகள்

கரட்டுமலை அடிவாரத்துக் குளம் சித்திரை வெயிலில் நாளுக்கு நாள் சுருங்கியது. கடைசியில் நாவல் மரத்து நிழலில் மட்டுமே கொஞ்சம் நீரும் சேறும் மிஞ்சின. இடமோ சிறிது, அண்டி வந்த உயிர்களோ பல. யார் இருப்பது, யார் போவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை விலங்குகள் சுகந்தர் என்னும் புனுகுப்பூனையிடம் ஒப்படைத்தன. அவர் மேனி மணத்தது. மணப்பவர் அறிவாளியாகத்தான் இருப்பார் என்று அவை நம்பிவிட்டன.

சுகந்தர் ஒரு முறை வகுத்தார். ஒவ்வோர் உயிரும் தன் உடம்பில் ஊறும் சாற்றில் ஒரு துளியைப் பூவரச இலையில் வைக்க வேண்டும். அவர் ஒரு முறை முகர்வார். பிறகு அந்த உயிரை உணவு, மருந்து, மணம், நஞ்சு என்னும் நான்கு வரிசைகளுள் ஒன்றில் நிறுத்துவார். நஞ்சு வரிசையில் நிற்பவர்கள் உச்சிப்பொழுதுக்குள் பாறைக்கு அப்பால் உள்ள வறண்ட ஓடைக்குப் போய்விட வேண்டும்.

பொக்கி என்னும் தேரையின் முறை வந்தது. அவள் தன் முதுகில் கசியும் வெண்பாலில் ஒரு துளியை இலையில் வைத்தாள். சுகந்தர் முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"நஞ்சு. அந்தப் பக்கம் போய் நில்."

"ஐயா, என்னைக் கடிக்க வருபவன் துப்பிவிட்டுப் போக வேண்டுமே, அதற்காக வைத்திருக்கிறேன். நானாகப் போய் யார் வாயிலும் ஊற்றியதில்லையே."

"இலை சொல்லிவிட்டது. அதன்மேல் பேச்சில்லை."

தேரையின் தோல் ஈரத்தில்தான் உயிர் பிடித்திருக்கும். வறண்ட ஓடையில் அவளால் அரைநாள் கூடத் தாங்க முடியாது.

நஞ்சு வரிசையில் அவளுக்கு முன்பே ஒரு நாகம் சோம்பலாகச் சுருண்டு கிடந்தது. பொக்கி பத்தடி தள்ளியே நின்றாள்.

"ஏன் அவ்வளவு தூரம்? இப்போது நமக்கு ஒரே வரிசைதானே," என்றது நாகம்.

"வரிசை ஒன்றுதான் அண்ணா, வயிறு வேறல்லவா. உங்களுக்கு வருத்தமே இல்லையா?"

"எனக்கென்ன, எந்தப் பாறை இடுக்கும் வீடுதான். ஆனால் அந்தப் பூனைக்கு ஒன்றும் தெரியவில்லை. என் நஞ்சு வேறென்ன, என் எச்சில்தான். எலியைக் கொல்வதும் அதுவே; விழுங்குவதற்கு முன்பே எலியின் சதையைக் கரைத்துச் செரிக்கத் தொடங்குவதும் அதுவே. இதை அவர் இலையில் முகர்ந்து எப்படிக் கண்டுபிடிப்பார்?"

பொக்கியின் கண்கள் இன்னும் கொஞ்சம் பிதுங்கின. அவள் தத்தித் தத்திச் சுகந்தரிடம் திரும்பினாள்.

"ஐயா, ஓர் ஐயம். ஒரே சாறு இரண்டு வரிசைக்குப் பொருந்தினால் என்ன செய்வீர்கள்?"

"பொருந்தாது. ஒரு சாற்றுக்கு ஒரு வேலை. ஒரு வேலைக்கு ஒரு வரிசை."

"ஒருவேளை பொருந்திவிட்டால்?"

"அது போலிச் சாறு. அதை உடையவன் எவனாயினும் இந்தக் குளத்துப் பக்கமே தலைகாட்டக் கூடாது."

"எத்தனை தெளிவான தீர்ப்பு! எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு முறை சொன்னால் பிற்பாடு சச்சரவு வராது."

புகழ்ச்சி சுகந்தரின் மீசை வரையில் ஏறியது. அவர் நாவல் மரத்து வேரின்மேல் ஏறி நின்று, அதே தீர்ப்பை மூன்று முறை முழங்கினார். எல்லோரும் கேட்டார்கள்.

"இன்னும் ஒரே ஒரு சாறுதான் பாக்கி," என்றாள் பொக்கி. "தங்களுடையது."

"இதில் என்ன சந்தேகம்? புனுகு. மணம்." சுகந்தர் தம் துளியை இலையில் வைத்து, தாமே முகர்ந்து, கண்களை மூடிக்கொண்டார்.

பொக்கி ஒரு வளையின் அருகே போய்க் கேட்டாள்: "எலியாரே, இந்த வாடை வந்தால் என்ன செய்வீர்?"

"ஓடுவேன்," என்றது வளைக்குள்ளிருந்து ஒரு குரல். "வெளியே வரச் சொல்லாதே."

அடுத்த குன்றிலிருந்து நீர் தேடி வந்த வேறொரு புனுகுப்பூனை புதரோரத்திலேயே தயங்கி நின்றது. "நீங்கள் ஏன் உள்ளே வரவில்லை?" என்று பொக்கி வினவினாள்.

"எப்படி வருவது? மரத்துக்கு மரம் தேய்த்து வைத்திருக்கிறாரே. 'இது என் இடம், வராதே' என்று எங்கள் இனத்தில் அதற்குப் பொருள்."

இதற்குள் ஓர் ஈ வந்து அந்த இலைமேல் அமர்ந்து, துளியை ருசித்து உண்ணத் தொடங்கியது.

"எலிக்கு அச்சம், பூனைக்கு வேலி, ஈக்குச் சோறு, தங்களுக்கு மணம்," என்றாள் பொக்கி. "எந்த வரிசையில் நிற்கப் போகிறீர்கள் ஐயா?"

மந்தி ஒன்று மரத்தின்மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சுகந்தர் தடுமாறினார். "இலையில் வைத்துப் பார்த்தால் மணம்தானே..."

"இலையில் வைத்தால் சரிதான். தாங்கள் என்ன, இலையிலா வைக்கிறீர்கள்? வாலைத் தூக்கிக்கொண்டு மரத்தில் அல்லவா தேய்க்கிறீர்கள்."

சூரியன் உச்சியை நெருங்கியது. தீர்ப்பின்படி முதலில் வெளியேற வேண்டியவர் சுகந்தரே. அவர் வறண்ட ஓடையைப் பார்த்தார், நிழலைப் பார்த்தார். பிறகு இலைகளையெல்லாம் தம் காலாலேயே கலைத்துவிட்டு, "யாருடைய சாறு யாருக்குத் தீங்கு என்பதைப் பார்த்து, அவ்விருவரும் எட்ட இருந்துகொள்ளட்டும். யாரும் போக வேண்டாம்," என்று முணுமுணுத்தார். நாகம் மட்டும் தானாகவே பாறை இடுக்குக்குப் போய்விட்டது.

பொக்கி குளிர்ந்த சேற்றுக்குள் கண்கள் மட்டும் தெரியும்படி சுகமாக இறங்கினாள்.

ஒன்றின் வேலை அது எங்கே, யாரிடத்தில், எப்போது செயல்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும் ஆதலால், ஒரே முகர்வில் பிறருக்குப் பெயர் சூட்டத் துணிபவன் அந்தச் சோதனையை முதலில் தனக்கே செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.